கடையில் ஏமாந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நுகர்வோர் அமைப்பின் உதவி மேசைக்கு வருபவர்கள் வெவ்வேறு பொருளைக் கையில் கொண்டுவந்தாலும், கேட்கும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைத் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். ‘சட்டம்’ என்று சொல்லும் இடங்களில், வேறு பெயர் குறிப்பிடாதவரை, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையே குறிக்கிறேன்.

நுகர்வோர்னா யாரு சார்? ஒரு டீ வாங்கிக் குடிச்சாலும் நான் நுகர்வோர்தானா?

ஆம். பணம் கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ, பாதி கொடுத்து மீதியைத் தவணையில் கட்டுவதாகச் சொல்லியோ ஒரு பொருளை வாங்கும் அல்லது ஒரு சேவையைப் பெறும் எவரும் நுகர்வோரே. வாங்கியவரின் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்பதால், மகன் வாங்கிக் கொடுத்த மிக்ஸி வெடித்துக் காயப்பட்ட தாய் தன் பெயரிலேயே புகார் கொடுக்கலாம். மறுவிற்பனைக்கு வாங்கியவரும் வணிக நோக்கத்திற்கு வாங்கியவரும் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். அதிலும் ஒரு முக்கியமான விலக்கு உண்டு; அதைப் பின்னால் தனிக் கேள்வியாகவே பார்ப்போம்.

பில் வாங்கலை. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும், ஆனால் வேலை கூடும். பில் இல்லாமல் புகாரே கொடுக்க முடியாது என்று சட்டம் சொல்லவில்லை. பணம் கொடுத்ததற்கான ஆதாரம் வேண்டும், அவ்வளவே. செல்பேசி வழியே பணம் அனுப்பிய பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, கடைக்காரருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், கடை முத்திரையிட்ட உத்தரவாத அட்டை ஆகிய எதுவும் உதவும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: விற்ற பொருளுக்கு பில் கொடுக்காமல் இருப்பதையே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்று வகைப்படுத்தியிருக்கிறது. எனவே “பில் போட்டால் வரி சேரும், வேண்டாமா?” என்று கேட்கும் கடைக்காரர் உங்களுக்குச் சலுகை எதுவும் செய்யவில்லை.

பில் வாங்கியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. இப்போது பெரும்பாலான கடைகள் தருவது வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாள். பீரோவிலோ பணப்பையிலோ சில மாதங்கள் கிடந்தால் எழுத்து மங்கி, புகார் கொடுக்கும் நாளில் வெறும் வெள்ளைத் தாளாகத்தான் கையில் இருக்கும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்; விலை கூடிய பொருளாயின் நகலும் எடுத்து உத்தரவாத அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

பால் பாக்கெட்டு, கூல்டிரிங்ஸ் எல்லாத்துக்கும் எம்.ஆர்.பி.க்கு மேல ஒரு ரூபா, ரெண்டு ரூபா வாங்கறாங்க. கேட்டா ‘கூலிங் சார்ஜ்’னு சொல்றாங்க. இது சரியா?

சரியன்று. உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி எந்தச் சில்லறை வணிகரும் அதற்கு மேல் விற்கக் கூடாது. குளிரூட்டுவதற்கு ஆகும் மின்கட்டணம் அவருடைய வியாபாரச் செலவு. ஒரே பொருளை ஒரே அளவில் தயாரித்து, பேருந்து நிலையத்திற்கு ஒரு விலையும் மளிகைக் கடைக்கு ஒரு விலையுமாக அச்சிடுவதற்கும் 2018 ஜனவரி முதல் தடை உள்ளது.

இதைத் தமிழ்நாட்டில் விசாரிப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். ஆனால் இங்கேதான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். அந்த அலுவலகம் கடைக்காரருக்கு அபராதம் விதிக்கும். அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்கள் இரண்டு ரூபாய் திரும்பி வராது. குறைதீர்க்கும் இடங்கள் மூன்று வகைப்படும்: தவறு செய்தவரைத் தண்டிக்கும் இடம், இரு தரப்பையும் பேசவைத்து முடிக்கும் இடம், உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தரும் இடம். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யாதவர்கள், தவறான கதவைத் தட்டிவிட்டு ‘புகார் கொடுத்து ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்கிறார்கள். இனி வரும் பதில்கள் பலவற்றில் இந்தப் பாகுபாட்டைத்தான் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவேன்.

அப்போ ஹோட்டல்ல இருபது ரூபா தண்ணி பாட்டிலை அறுபதுக்கு விக்கறாங்களே, அதையும் புகார் பண்ணலாமா?

உள்ளே உட்கார்ந்து சாப்பிடும் உணவகமாயின், முந்தைய பதில் பொருந்தாது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஓட்டல்களும் உணவகங்களும் வெறும் பாட்டிலை விற்கவில்லை, இடமும் பரிமாறலும் சேர்ந்த சேவையைத் தருகின்றன என்று கூறி, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது அந்த விதிகளின்படி குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு குறைவு. ஆனாலும் அதுவே இன்றைய சட்ட நிலை.

சேவைக் கட்டணம் வேறு விஷயம். உணவகம் அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பில்லில் அந்த வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். பரிமாறியவருக்கு அன்பளிப்பு கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

தீபாவளிக்கு ஸ்வீட் வாங்கினா டப்பாவோட சேர்த்து எடை போடறாங்க. அரை கிலோவுக்கு டப்பாவே அம்பது கிராம் இருக்கும் போல.

நீங்கள் விலை கொடுப்பது இனிப்புக்கு, அட்டைக்கு அன்று. எடை என்பது நிகர எடைதான். காலி டப்பாவைத் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியத்திற்குக் கொண்டுவந்த பிறகே இனிப்பை அடுக்கச் சொல்லுங்கள். மின்னணுத் தராசில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. கடைக்காரருக்கு அது தெரியும். கிலோ எண்ணூறு ரூபாய் விற்கும் இனிப்பில் ஐம்பது கிராம் அட்டை என்றால் நாற்பது ரூபாய்க்கு அட்டை வாங்கியிருக்கிறீர்கள்.

காய்கறிக் கடையிலும் மீன் கடையிலும் பார்க்க வேண்டியவை இரண்டு. பொருளை வைக்கும் முன் எண் பூச்சியத்தில் இருக்கிறதா, தராசில் முத்திரை இருக்கிறதா என்பவையே அவை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், எடைக் கற்களுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை இட வேண்டும். அதற்கான சான்றைக் கடையில் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். புகாரை மேலே சொன்ன அதே தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்கலாம். பெட்ரோல் பங்க்கில் அளவு குறைவதாகச் சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைக் கொண்டுவந்து உங்கள் முன் பிடித்துக் காட்டச் சொல்லலாம், மறுக்கக் கூடாது.

கேஸ் சிலிண்டர் கொண்டுவர்றவர் பில்லுக்கு மேல அம்பது ரூபா கேக்கறார். தரலைன்னா அடுத்த தடவை லேட் பண்றார். என்ன செய்யறது?

பில்லில் உள்ள தொகையிலேயே வீட்டிற்குக் கொண்டுவந்து தரும் கட்டணம் அடங்கியிருக்கிறது. எனவே அதற்கு மேல் கேட்பதற்கு அடிப்படை இல்லை. நீங்களே கிடங்கிற்குச் சென்று எடுத்துவந்தால் அந்தக் கட்டணத்தைக் கழித்துத் தர வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. முதலில் விநியோகஸ்தரிடம் எழுத்தில் கொடுங்கள். சரியாகாவிட்டால் எண்ணெய் நிறுவனங்களின் பொதுவான கட்டணமில்லா எண் 1800-2333-555. மாடி ஏறிச் சுமந்து வருபவருக்கு நீங்களாக மனமுவந்து ஏதாவது கொடுத்தால் அதில் சட்டத்திற்கு வேலையில்லை; மிரட்டி வாங்குவதுதான் குறை.

எடையையும் அங்கேயே சரிபாருங்கள். வீட்டு உபயோகச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்க வேண்டும். காலி உருளையின் எடை அதன் மேற்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டினால் வரும் எடை தராசில் வர வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ன்னு பில்லுலயே அச்சடிச்சிருக்கே, அப்புறம் எப்படிக் கேக்கறது?

அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்திற்குள், அப்படி எதுவும் சொல்லாதபோது 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆடித் தள்ளுபடியில் வாங்கியது, ‘ஆஃபர்’ பொருள் என்பதெல்லாம் இதற்கு விலக்கு ஆகாது. தள்ளுபடி விலையில் கிழிந்த சேலையை விற்கலாம், ஆனால் கிழிசலைச் சொல்லி விற்க வேண்டும்.

அதே வேளையில் குறை என்பது வேறு, மனமாற்றம் என்பது வேறு. வீட்டிற்குப் போனபின் நிறம் பிடிக்கவில்லை, கணவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றித் தரச் சொல்லும் உரிமை எதையும் சட்டம் தரவில்லை. அது அந்தக் கடையின் கொள்கையைப் பொறுத்தது. எங்களிடம் வரும் துணிக்கடைப் புகார்களில் கணிசமானவை இந்த இரண்டாம் வகையே என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாரண்டி இருக்கு. ஆனா கடைக்காரர் ‘கம்பெனியைப் பாருங்க’ங்கறார், கம்பெனி ‘கடையைப் பாருங்க’ங்குது.

புகார் மனுவில் இருவரையும் எதிர் தரப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பணம் வாங்கியது கடை. பொருளைத் தயாரித்து உத்தரவாதம் கொடுத்தது நிறுவனம். யார் எவ்வளவு பொறுப்பு என்பதை, பலரும் ‘நுகர்வோர் கோர்ட்’ என்று அழைக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையம் முடிவு செய்யும்; இழப்பீடு வாங்கித் தரும் இடம் இதுவே, இனி ‘ஆணையம்’ என்று மட்டும் சொல்வது இதைத்தான். அந்தக் கணக்கை நீங்கள் தீர்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை பழுதுபார்க்க வரும்போதும் வேலைத் தாளில் என்ன பழுது, என்ன செய்யப்பட்டது, எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். ‘மூணு தடவை வந்து பார்த்துட்டுப் போனாங்க’ என்று வாயால் சொல்வதைவிட மூன்று தாள்கள் வலுவானவை.

நகையில ஹால்மார்க் இருக்குன்னு கடைக்காரர் சொல்றார். அது நிஜமான முத்திரைதானான்னு நான் எப்படிப் பார்க்கறது?

நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரை, தூய்மையைக் காட்டும் எண் (22 காரட் என்றால் 916), எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம். இந்த ஆறு இலக்கம் இல்லாத ஹால்மார்க் நகையை 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்க முடியாது. 2 கிராமுக்குக் குறைந்த சிறு நகைகளுக்கு விலக்கு உண்டு. கடையில் உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு வாங்கி, அந்த ஆறு இலக்கத்தைப் படித்து, ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இடுங்கள். முத்திரையிட்ட மையம், கடையின் பதிவு எண், நகையின் வகை, தூய்மை ஆகியவை வரும். கையில் மோதிரம் இருக்க, செயலி ‘சங்கிலி’ என்று காட்டினால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள்.

சோதனையில் தூய்மை குறைந்திருந்தால், குறைந்த அளவு தங்கத்தின் மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டின் தர நிர்ணய விதி. எடுத்துக்காட்டாக, 916 என்று விற்ற 10 கிராம் நகை 875 மட்டுமே இருந்தால் குறைவு 0.41 கிராம், அதன் விலையில் இரு மடங்கு உங்களுக்குச் சேர வேண்டும். சேதாரமும் செய்கூலியும் இந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டா. அவற்றுக்குச் சட்டம் உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. பேரம் பேசித்தான் குறைக்க முடியும். பில்லில் நிகர எடை, காரட், முத்திரைக் கட்டணம் மூன்றும் தனித்தனியே இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

நகைச்சீட்டுக் கட்டினேன். பத்து மாசம் கட்டினப்புறம் கடையையே மூடிட்டாங்க. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகவா?

முதலில் காவல் துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். நகை தராமல் பலரிடம் வாங்கிய பணத்தோடு கடை மூடப்பட்டால், அது தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரக்கூடியது. அச்சட்டத்தின்படி உரிமையாளரின் சொத்தை முடக்கி, விற்று, கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி உண்டு. தனி ஒருவருக்கு ஆணையம் உத்தரவு போட்டாலும், முடக்கப்பட்ட சொத்திலிருந்து வசூலிப்பது கடினம். கட்டிய அட்டை, ரசீதுகள், சேர்ந்தபோது கொடுத்த விதிமுறைத் தாள் ஆகியவற்றோடு மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு செல்வது நல்லது.

கடை திறந்திருந்து, முதிர்வுக்குப் பின் நகை தராமல் இழுத்தடித்தாலோ, சொன்ன போனஸைக் கொடுக்க மறுத்தாலோ அது சேவைக் குறைபாடு. அப்போது ஆணையமே சரியான இடம்.

ஆன்லைன்ல ஆர்டர் பண்ணினேன், வேற பொருள் வந்துச்சு. ‘நாங்க வெறும் தளம்தான், விற்பனையாளரைக் கேளுங்க’ன்னு சொல்றாங்க.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்திற்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளரின் பெயரையும் முகவரியையும் காட்டுவதும் தளத்தின் கடமை. ஆகவே செயலியின் அரட்டைப் பெட்டியில் எந்திரத்தோடு வாதாடிக்கொண்டிருக்காமல், குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்த 48 மணி நேரக் கணக்கைத் தொடங்கிவையுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே முகவரிச் சீட்டு தெரியும்படி காணொளி எடுத்து வைப்பது பின்னால் பெரிதும் கைகொடுக்கும்.

தளமே போலியாக இருந்து பணம் போய்விட்டது என்றால் அது இணையவழிக் குற்றம். நுகர்வோர் புகார் எழுதி நேரத்தைக் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்தப்பட வாய்ப்பு உண்டு.

1915க்குப் போன் பண்ணினா போதுமா? இல்லை கேஸ் போடணுமா?

1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். முன்னே சொன்ன பாகுபாட்டில் இது பேசி முடிக்கும் இடம். உங்கள் குறையை நிறுவனத்திற்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பெயர் பெற்ற நிறுவனங்கள், இணையத் தளங்கள், விமான நிறுவனங்கள் ஆகியவற்றிடம் இது நன்றாகவே வேலை செய்கிறது. தெருமுனைக் கடையிடம் அவ்வளவு பயன் இருப்பதில்லை. ரேஷன் கடைக் குறைகளுக்கு 1967 என்ற தனி எண் இருக்கிறது. உணவில் கலப்படமோ பூச்சியோ இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்ல வேண்டும்.

கமிஷனுக்குப் போகணும்னா வக்கீல் வேணுமா? எவ்வளவு செலவாகும்?

வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே எழுதி நீங்களே வாதிடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேலே தில்லியில் உள்ள தேசிய ஆணையம். இந்தக் கணக்கு நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அன்று, கொடுத்த விலையை வைத்தே. மாநில ஆணையம் சென்னையில் இருக்கிறது. மதுரையில் அதற்கு ஓர் அமர்வும் உண்டு.

பழைய சட்டத்தில் இல்லாத ஒரு வசதி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது. திருநெல்வேலிக்காரர் பெங்களூரு நிறுவனத்தின் மீது திருநெல்வேலியிலேயே தொடுக்கலாம். இணையம் வழியேயும் தாக்கல் செய்யலாம். காணொளி வழியே விசாரிக்கக் கோரலாம்.

தாக்கலுக்கு முன் எதிர் தரப்புக்கு ஓர் அறிவிப்புக் கடிதம் அனுப்புங்கள். என்ன வாங்கினீர்கள், என்ன குறை, என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும் என்ற நான்கும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். பழைய பதிவு அஞ்சல் சேவை 2025இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவு அஞ்சலிலேயே அனுப்பிச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பல குறைகள் இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். முடியாதவற்றில், எதிர் தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த 3 மாதங்களுக்குள்ளும், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதங்களுக்குள்ளும் தீர்க்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்பதை எதிர்பார்த்தே இறங்குங்கள்.

நான் பொட்டிக்கடை வெச்சிருக்கேன். கடைக்கு வாங்கின ஃப்ரிட்ஜ் ரிப்பேர். நான் வியாபாரி, அதனால நுகர்வோர் இல்லைங்கறாங்களே?

முதல் பதிலில் ஒத்திவைத்த விலக்கு இதுதான். சுயதொழில் செய்து வயிற்றைக் கழுவுவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளைச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ வாங்குபவர் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே விளக்கியிருக்கிறது. குடும்பத்தாரோ ஓரிரு உதவியாளர்களோ கூட இருப்பதால் இது மாறாது என்றும் கூறியது. ஆகவே நீங்களே உட்கார்ந்து நடத்தும் பெட்டிக்கடைக் குளிர்பெட்டிக்கு வழக்குத் தொடுக்கலாம். புகார் மனுவில் ‘என் வாழ்வாதாரத்திற்காகச் சுயதொழிலில் பயன்படுத்துவது’ என்று மறக்காமல் எழுதுங்கள். அந்த வரி இல்லாததால் தடுமாறிய மனுக்கள் உண்டு.

டாக்டர், வக்கீல், பேங்க் மேல எல்லாம் இங்க கேஸ் போடலாமா?

கட்டணம் வாங்கும் மருத்துவமனை மீது தொடுக்கலாம். 1995 முதல் இதுவே நிலை. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கி, ஏழைகளுக்கு மட்டும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையாயின் அந்த ஏழை நோயாளியும் நுகர்வோர்தான். வழக்கறிஞர்களின் தொழில் இச்சட்டத்திற்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. வங்கிக் குறையை முதலில் வங்கியிடமே எழுதிக் கொடுத்து, 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆணையத்தின் வழியும் திறந்தே இருக்கிறது.

வாங்கி ரெண்டரை வருஷம் ஆச்சு. கம்பெனிக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டுட்டே இருந்தேன். இப்ப கேஸ் போட முடியுமா?

சிக்கல்தான். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். காரணம் எழுந்த நாள் என்பது எப்போதும் வாங்கிய நாளாக இருக்க வேண்டியதில்லை; குறை வெளிப்பட்ட நாளாகவோ, உத்தரவாதக் காலத்தில் பழுதுபார்க்க மறுத்த நாளாகவோ இருக்கலாம். ஆனால் நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் மட்டும் அந்தக் காலம் நீளாது. தாமதத்திற்குத் தக்க காரணம் இருந்தால், அதை விளக்கித் தனி மனு கொடுத்தால் ஆணையம் மன்னிக்கலாம்; மன்னித்தே ஆக வேண்டும் என்பதில்லை. நிறுவனங்கள் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இனிமையாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

தீர்ப்பு எனக்குச் சாதகமா வந்துடுச்சு. ஆனா பணம் கொடுக்க மாட்டேங்கறாங்க. இப்ப என்ன?

எதிர் தரப்பு 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அப்படிச் செய்ய, மாவட்ட ஆணையம் கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால், உத்தரவு போட்ட அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே சொத்தை முடக்கி வசூலிக்க முடியும். உத்தரவை மீறுபவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத, ஒரு லட்சம் வரை நீளக்கூடிய அபராதமோ, இரண்டுமோ விதிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த மனுவுக்கு உத்தரவின் சான்றிட்ட நகல் தேவைப்படும் என்பதால், தீர்ப்பு வந்த வாரத்திலேயே அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.